அட்டையில் நிற்காத பெயர்

செம்மேட்டுப்பாளையத்தில் யார் நன்றாகப் பேசினாலும் அது கோகிலவாணி எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தாலும் யாரும் சொல்லமாட்டார்கள், கோகிலவாணி சொல்லவே மாட்டாள். கல்யாண மேடையில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிற வாழ்த்து மடலும், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டுகிற கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸும், ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் கண்கலங்கி வாசிக்கிற ஆண்டறிக்கையும், சித்த வைத்தியர் யூடியூபில் மூலநோயைப் பற்றி உருகி உருகிப் பேசுவதும், தென்னந்தோப்பை வெட்டிப்போட்டுக் கல் நட்ட மனையிடத்துக்கு 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று நோட்டீஸ் அடிப்பதும், வேலைவெட்டி இல்லாத மாப்பிள்ளைக்குச் 'சொந்தத் தொழில்' என்று வரன் விவரம் தயாரிப்பதும் எல்லாம் அவள் கைங்கரியம்தான். அரிசி ஆலை நாச்சிமுத்துவின் சுயசரிதையைக்கூட அவள்தான் எழுதினாள். அதில் அவர் சின்ன வயதில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்ததாக ஓர் இடம் வரும். அந்த இடத்தைப் படித்துவிட்டு, தான் பள்ளிக்கூடத்துப் பக்கமே அதிகம் போனதில்லை என்பதையும் மறந்து, அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதிக் கொடுத்தவர் 'நான் எழுதினேன்' என்று எந்த நாளும் வாய் திறக்கக் கூடாது. கோகிலவாணி அதை விரதம் மாதிரி காத்துவந்தாள். மேடையில் இருப்பவர் அவளுடைய வரியைச் சொல்லும்போது கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து அவளும் கைதட்டுவாள், இறங்கி வந்தவரிடம் போய் "உங்களுக்கு மட்டும் எப்படித்தானுங்க இப்படியெல்லாம் தோணுது?" என்று கேட்பாள், அவரும் "அது அப்படியே வருதுங் அம்மிணி" என்று சொல்லி மேல்துண்டைச் சரிசெய்துகொள்வார்.

வீட்டில் அவள் தொழிலுக்குப் பெயரே கிடையாது. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்த அவள் கணவன் கதிரேசன் ஒருமுறை பேங்க்கில் "சம்சாரம் ஃப்ரீலான்ஸுங்க" என்று சொல்லப்போக, மேனேஜர் மரியாதையாக "ஏஜென்சி எடுத்திருக்கீங்களா, சப் டீலரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவன் அதைச் சொல்வதில்லை. மாமியார் ரங்கநாயகியிடம் யாராவது மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "ஊட்லயே உக்காந்து டொக்கு டொக்குன்னு டைப் அடிக்கறா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தோட்டத்தை விட்டு வீட்டுக்கே வராத மாமனாருக்கு அதுவும் தெரியாது.

கோகிலவாணிக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அட்டையில் தன் பெயர் போட்ட ஒரு புத்தகம். ரங்கநாயகி சீரியலில் மூழ்கிக் கிடக்கிற மதியங்களில், ஊரார் வேலைக்கு நடுவே ஒளித்து ஒளித்து அவள் ஒரு நாவல் எழுதினாள். ஒரு தெரு தன் வீடுகளையெல்லாம் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய், தன்னை யாராவது விலைக்கு வாங்குவார்களா என்று பார்க்கிற கதை. 'சந்தைக்குப் போன தெரு' என்று தலைப்பு வைத்தாள். கோயமுத்தூரில் கிளுவைப் பதிப்பகம் நடத்துகிற மாசிலாமணி படித்துவிட்டு, போடலாம் என்று சொன்னார். அச்சாகி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டு வந்து சேர்ந்தது. பார்சல் ஆபீஸிலிருந்து வண்டியில் வைத்துக் கொண்டுவந்த கதிரேசன் சணலை அறுத்து மேலே இருந்த பிரதியை எடுத்தான். அட்டையில் மேலே 'சந்தைக்குப் போன தெரு' என்று இருந்தது. கீழே 'கதிரேசன்' என்று இருந்தது.

"ஏம் புள்ள, எம் பேருலயா போட்ட?" என்றான் அவன், முகமெல்லாம் பூரித்து. "எதுக்கு இதெல்லாம்? கடைக்கு வாரவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

கோகிலவாணி வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். அவள் கைக்கு வந்ததும் கீழே ஒன்றும் இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. இன்னொரு பிரதியை எடுத்தாள், அதிலும் இல்லை. "எங்க காட்டு" என்று ரங்கநாயகி கை நீட்டினாள். அவள் தொட்டதும் 'ரங்கநாயகி' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

"பரவால்லியே," என்றாள் ரங்கநாயகி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு. "ரேசன் கார்டுலகூட எம் பேர அரைகுறையாத்தான் போட்டாங்க. இதுல முழுசாப் போட்டிருக்கறாங்க."

கோகிலவாணி மாசிலாமணிக்குப் போன் போட்டாள்.

"நானும் பாத்தனுங் மேடம்," என்றார் அவர். "அச்சுல ஒரு கொறையும் இல்லீங்க. நான் எடுத்தா மாசிலாமணின்னு வருது, பைண்டிங்காரர் எடுத்தா அவரு பேரு வருது. அவரு ஒரு கட்டு புஸ்தகத்தையே ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாருங்க."

"இப்ப என்னங்க பண்றது?"

"பண்றதுக்கு என்னங்க இருக்குது, வெளியீட்டு விழா வைக்கணும். மண்டபம் சொல்லியாச்சுங்களா?"

மண்டபம் சொன்னார்கள். விழாவில் பேசுகிறவர்களுக்கெல்லாம் வழக்கம்போலக் கோகிலவாணியே உரை எழுதிக் கொடுத்தாள். தன்னைப் பாராட்டித் தானே எழுதுவது கூச்சமாக இருந்ததால் பாராட்டில் கொஞ்சம் உப்பைக் குறைத்துப் போட்டாள். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள நாச்சிமுத்து வந்தார். ரிப்பன் பிரித்துப் புத்தகத்தைக் கையில் வாங்கியவர் அட்டையைப் பார்த்தார், நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார், எழுதி வாங்கி வந்த வாழ்த்துரையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் எழுதிய இந்த எளிய நூலுக்கு இத்தனை பேர் திரண்டு வந்திருப்பதைப் பார்க்கும்போது" என்று ஏற்புரையை ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் பிரதி தலைமையாசிரியர் கைக்குப் போயிற்று, அவரும் ஏற்புரை வழங்கினார். மூன்றாம் பிரதி சித்த வைத்தியருக்கு. அவர் ஏற்புரைக்கு நடுவே மலச்சிக்கலையும் தொட்டுச் சென்றார். கோகிலவாணிக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடை ஒவ்வொரு தோளாக ஏறி இறங்கி, கடைசியில் மைக்செட்காரருடைய தோளில் நின்றது. அவரும் ஒரு பிரதி வைத்திருந்தார். வாழ்த்துரையே இல்லாமல் ஏற்புரையாகவே நடந்த அந்த விழாவில், முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வோர் ஏற்புரைக்கும் கோகிலவாணி கைதட்டினாள். பழக்க தோஷம், கை தானாகப் போயிற்று.

இப்படி ஒரு புத்தகம் உலகத்தில் உண்டா என்று ஊரில் ஒருவரும் வாய் பிளக்கவில்லை. தங்களுக்குள் ஓர் எழுத்தாளர் இருப்பது அவரவருக்கு ரொம்ப நாளாகவே தெரியும் போலிருக்கிறது, அது அச்சாகி வரக் கொஞ்சம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். தேங்காய் மண்டிக்காரரும் சலூன்காரரும் டவுன் பஸ் கண்டக்டரும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார்கள், எல்லாக் கார்டிலும் 'எழுத்தாளர்' என்றிருந்தது. எழுத்தாளர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள், அதில் உறுப்பினர் என்று யாரும் இல்லை, எல்லோரும் தலைவர்கள். நூலகர் மட்டும் பாவம், புத்தகத்தை யார் பெயரில் அடுக்குவது என்று தெரியாமல், அதைத் தொடாமல் குச்சியால் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் பெயரிலேயே அடுக்கிக்கொண்டார். கோயமுத்தூரில் ஒரு விமர்சகர், ஆயுளில் யாரையும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாதவர், புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அட்டையைப் பார்த்துவிட்டு, தமிழுக்கு இப்படியொரு நாவல் வாய்த்தது தமிழ் செய்த பாக்கியம் என்று எழுதினார்.

புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தால் வாங்குகிறவர் பெயருக்கு மாறிவிடும் என்று தெரிந்ததும் கல்யாணங்களில் சுவர்க்கடிகாரம் கொடுப்பது நின்றுபோயிற்று. மாப்பிள்ளை கையில் மாப்பிள்ளை பெயர், பெண் கையில் பெண் பெயர், இதைவிட என்ன வேண்டும்? பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பிடித்தால் யார் பெயர் வருகிறது என்பதை வைத்து அந்த வீட்டில் யார் ராஜ்யம் என்றும் கணித்துச் சொன்னார்கள். புத்தகம் விற்றுத் தள்ளியது. மாசிலாமணி பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போட்டார்.

கோகிலவாணியைத் தேடி ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை.

"ஏனுங் அம்மிணி," என்று நாச்சிமுத்து ஒருநாள் வாசலிலிருந்தே கூப்பிட்டார். "என்னோட ரெண்டாவது நாவல் எந்த அளவுல இருக்குது? வாசகருங்க ரொம்ப எதிர்பாக்கறாங்க. கொஞ்சம் வெரசா எழுதி முடிச்சுக் குடுத்தீங்கன்னா தேவலை."

"சரிங்ணா" என்றாள் கோகிலவாணி. அவளுக்கு வேறு பதில் பழக்கமில்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அட்டையில் தன் பெயரைப் பேனாவால் எழுதிப் பார்த்தாள், ஈரம் காய்வதற்குள் மை உருண்டு ஓடிவிட்டது. மார்க்கரால் எழுதினாள், ஸ்டிக்கர் ஒட்டினாள், குங்குமத்தைக் குழைத்துத் தீற்றினாள். எதுவும் நிற்கவில்லை. உலகத்தில் அத்தனை பேருக்கும் பெயர் போடுகிற அந்தப் புத்தகம் எழுதினவள் கைக்கு வந்தால் மட்டும் ஊமையாகிவிட்டது. பிறத்தியார் பெயரிலேயே எழுதி எழுதித் தன் பெயருக்கு எழுத்தில் நிற்கிற வழக்கமே விட்டுப்போயிற்றோ என்று அவள் பயந்தாள். அது உண்மையான பயம், சமையல் செய்யும்போதும் கூடவே இருந்தது.

இத்தனை பேர் எழுதிய அந்தப் புத்தகத்தைப் படித்தவர் என்று யாரும் இல்லை. வீட்டுக்கு வீடு ஷோகேஸில், பிளாஸ்டிக் பூவுக்கும் பழனி முருகனுக்கும் நடுவே, அட்டை தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். தான் எழுதின புத்தகத்தைத் தானே படித்துக்கொண்டிருப்பார்களா யாராவது?

அப்படியே இருந்திருக்கும், ஐப்பசி மழையில் கேபிள் அறுந்து விழாமல் இருந்திருந்தால். சீரியல் இல்லாமல் ரங்கநாயகிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள், மழையைத் திட்டினாள், கேபிள்காரரைத் திட்டினாள், கடைசியில் "நான் என்னதான் எழுதியிருக்கறேன்னு பாப்பமே" என்று ஷோகேஸைத் திறந்தாள்.

தொடக்கத்தில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு எழுந்து இடுப்பைச் சொருகிக்கொண்டு நடக்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு எவ்வளவு ஞானம் பாரு" என்று மகனிடம் சொன்னாள். அப்புறம் ஓர் அத்தியாயத்தில் அவளுடைய சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாள். கோகிலவாணி அதைக் கேபிள் கவலை என்றே நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் நாச்சிமுத்துவின் மகளுக்கு, நாச்சிமுத்துவின் சொந்த மண்டபத்தில் கல்யாணம். ஊரே வந்திருந்தது. தாலி கட்டி முடிந்து, அட்சதை போட்டு, பரிசுப் புத்தகங்கள் மேடை ஓரத்தில் சுவர் மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. மாசிலாமணியே வாசலில் மேஜை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் ஓர் எழுத்தாளன் என்ற முறையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, ரங்கநாயகி விறுவிறுவென்று மேடை ஏறினாள். கையிலிருந்த புத்தகத்தை ஒரு பக்கத்தில் விரித்து அவரிடம் நீட்டினாள்.

"மொதலாளி, நீங்க எழுதுனதுதானுங்களே இது? இந்தப் பக்கத்தக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

நாச்சிமுத்து வாழ்நாளில் எந்தக் காகிதத்தையும் முன்கூட்டிப் படித்துப் பார்த்தவரில்லை. கோகிலவாணி எழுதியது என்றால் அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே தைரியமாக வாசிக்கலாம், வாசிக்க வாசிக்கத் தன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும் என்பது அவர் கண்ட அனுபவம். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு கையை அசைத்து, ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கத் தொடங்கினார்.

"'அந்தத் தெருவின் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தவள் டெய்லரம்மா. புருஷன் போன பிறகு, அவள் தைத்த ரவிக்கை மண்டபத்துக்குள் போயிற்று, அவள் போகவில்லை. ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் கொக்கி பிய்ந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள்; ஊசியும் நூலுமாக ஓடி வந்தாள். வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற மாமியார் அவளைக் கண்டதும் தட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போகச் சொன்னாள். பூத்தட்டோடு நின்றவர்கள் பூவைப் பார்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும், கல்யாணத்தை முன்னின்று நடத்திய ஆலை முதலாளி தாராள மனசோடு...'"

தாராள மனசு என்ற இடத்தில் நாச்சிமுத்து ஓர் அழுத்தம் கொடுத்து, கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

"'...தாராள மனசோடு அவளைப் பந்தியில் உட்கார வைக்காமல், தூக்குப்போசியில் சாப்பாடு போட்டு, பாயசமும் ஊற்றி, அதே பின்வாசல் வழியாக...'"

குரல் தேய்ந்து நின்றது. மைக் வேலை செய்துகொண்டிருந்ததால் அவர் எச்சில் விழுங்கியது கடைசி வரிசைவரை கேட்டது.

கூட்டத்தில் ஒருவர் தன் பிரதியைப் பிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் பிரித்தார். செம்மேட்டுப்பாளையத்தில் அந்தப் புத்தகம் முதல் தடவையாகப் புரட்டப்படுகிற சத்தம், மழை வருகிற மாதிரி, மண்டபம் முழுக்க எழுந்தது. பூவைப் பார்த்துக்கொண்டவர்களும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள், தூக்குப்போசியைப் பிடித்துக் கொடுத்தவரும் இருந்தார், பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டவரும் இருந்தார். புத்தகத்தில் பெயர்கள்தான் வேறு. அது கோகிலவாணியின் கல்யாணம் என்பது எல்லோருக்கும் புரிந்தது, ஏனென்றால் எல்லோரும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்.

"எம் பேரப் போட்டு என்னையவே எழுதி வெச்சிருக்குது," என்றாள் ரங்கநாயகி. "சொல்லுங்க. ஆரு எழுதுனது இத?"

"நான் இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து, மைக்கிலேயே. அவர் கையிலிருந்த அட்டையிலிருந்து பெயர் உதிர்ந்துபோயிற்று.

"நான் ஆண்டறிக்கை வாசிக்கறதோட சரிங்க" என்றார் தலைமையாசிரியர். அவர் பெயரும் போயிற்று. "எனக்கு வைத்தியத்தத் தவிர ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார் சித்த வைத்தியர். நானில்லை, நானில்லை என்று வரிசை வரிசையாகக் குரல் எழும்ப, வரிசை வரிசையாகப் பெயர்கள் அழிந்தன; சங்கத் தலைவர்கள் அத்தனை பேரும் விசிட்டிங் கார்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்கள். "நானும் எழுதலை" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள் ரங்கநாயகி. அவள் அட்டையும் வெறுமையாயிற்று.

மாசிலாமணி குனிந்து குனிந்து கோகிலவாணியின் நாற்காலிக்குப் பின்னால் வந்தார். "மேடம், ஒண்ணும் பதறாதீங்க. அந்த அத்தியாயத்த மட்டும் தூக்கிப்போட்டுட்டு அடுத்த பதிப்பு அடிச்சுக்கலாம். மறுக்கா எல்லாருக்கும் அவங்கவங்க பேரு வந்துரும். நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

வாயைத் திறக்காமல் இருப்பதில் கோகிலவாணியை மிஞ்ச ஆளில்லை. இத்தனை வருஷம் சோறு போட்டதே அதுதான். இப்போதும் அட்டை வெறுமையாகத்தான் இருந்தது, அது யாருடைய புத்தகமும் இல்லை, இப்படியே எழுந்து பந்திக்குப் போய்விடலாம். கதிரேசன் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், அவளுக்கு எழுத்து வேலை கொடுக்கிறவர்களும் இவர்கள்தான், இவர்களை விட்டால் வேறு ஊரும் இல்லை.

மேடையில் கல்யாணப் பெண் ஒன்றும் விளங்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய ரவிக்கைக் கையில் முத்து வைத்து மயில் தைத்திருந்தது. அந்த மயிலைப் போன வாரம் டெய்லர் சுலோச்சனா வீட்டு மிஷினில் பாதித் தோகையோடு கோகிலவாணி பார்த்திருந்தாள். பெண் மேடையில் இருந்தாள், மயில் மேடையில் இருந்தது, ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் இருந்தார்கள், சுலோச்சனாவைத் தவிர.

"நான்தானுங் அத்தை எழுதுனேன்" என்றாள் கோகிலவாணி.

அவளுக்கு மைக் இல்லை, யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எழுந்து நின்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான் எழுதுனேன். அந்தப் பக்கம் மட்டும் இல்லீங்க, முதல் வரியிலருந்து கடைசி வரிவரைக்கும் நான்தான் எழுதுனேன்."

மேடையில் சுவராக ஏறியிருந்த பிரதிகளிலும், மடியில் விரிந்து கிடந்த பிரதிகளிலும், நாச்சிமுத்து கையில் இருந்ததிலும் 'கோகிலவாணி' என்று வந்தது. சின்ன எழுத்துதான். மண்டபத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை. தட்டிப் பழகியவள் அவள் ஒருத்திதான், அவளும் தட்டவில்லை.

அதற்குப் பிறகு செம்மேட்டுப்பாளையத்துக் கல்யாணங்களில் சுவர்க்கடிகாரம் திரும்பி வந்தது. ஷோகேஸ்களிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பேர் அவள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் வீசிவிட்டும் போனார்கள். கோயமுத்தூர் விமர்சகர், நாவலில் முதிர்ச்சி போதாது என்று மறுபரிசீலனை செய்து எழுதினார். மாசிலாமணி பதிப்பை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஆனால் மற்றொன்றும் நடந்தது. தன்னைப் பற்றி உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் ஊரில் ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை படித்தார். தங்களைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். எங்கேயுமே தன்னைக் காணாத சித்த வைத்தியருக்குத்தான் எல்லோரையும்விடக் கோபம். "நானெல்லாம் அந்தத் தெருவுல மனுசனாவே தெரியலையாக்கும்" என்று அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரங்கநாயகி மருமகளிடம் பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மகனிடம் சொன்னாள். "அந்த எழுத்துக்காரியச் சாப்பிடச் சொல்லு" என்பாள். டைப் அடிக்கிறவள் எழுத்துக்காரி ஆகியிருந்ததைக் கோகிலவாணி கவனிக்காமல் இல்லை.

ஒரு மதியம், சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது சுலோச்சனா வந்தாள். முன்வாசல் கேட்டைத் திறந்துகொண்டு, கூடத்தைத் தாண்டி, கோகிலவாணியின் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். கையில் புத்தகம் இருந்தது, தைத்த துணியைக் கொடுக்கப் போன வீட்டில் யாரோ வீசியிருந்ததை எடுத்திருக்க வேண்டும், அட்டையில் மிதித்த தடம் இருந்தது. அதற்கு மேலே கோகிலவாணி என்று தெளிவாகத் தெரிந்தது.

"படிச்சனுங்க," என்றாள்.

"உங்களக் கேக்காம எழுதிப்போட்டேனுங் அக்கா" என்றாள் கோகிலவாணி.

"எழுதுங்க, அதுக்கென்ன. எல்லாம் நடந்ததுதான். ஒரு எடத்துல மட்டும் தப்பு இருக்குது." சுலோச்சனா அந்தப் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தாள். "பாயசம் ஊத்திக் குடுத்தாங்கன்னு போட்டிருக்கறீங்க. பாயசமெல்லாம் வரலீங்க."

கூடத்தில் டிவியின் சத்தம் குறைந்தது.

"நீங்களாப் போட்டதுங்களா அது?" என்று கேட்டாள் சுலோச்சனா.

"ஆமாங் அக்கா. அத்தனையும் மோசமா இருக்க வேண்டாம்னு தோணுச்சு."

"அடுத்த தடவ அடிக்கறப்ப எடுத்துருங்க," என்றாள் சுலோச்சனா. அட்டையை முந்தானையால் துடைத்துக் கையெழுத்துக்கு நீட்டினாள். கோகிலவாணி தன் பெயரை எழுதினாள், மை ஓடாமல் அப்படியே நின்றது. சுலோச்சனா வந்த வழியாகவே, கூடத்தைத் தாண்டி, முன்வாசல் வழியாகப் போனாள். டிவியின் சத்தம் அன்று முழுக்கக் கூடவில்லை.

தை மாதம் தலைமையாசிரியர் வீட்டில் கல்யாணம் வைத்தார்கள். அவரும் அவர் மனைவியும் தட்டில் பழமும் பத்திரிகையும் சந்தனமுமாக அழைக்க வந்தார்கள். கோகிலவாணி உள்ளே ஒரு வரன் விவரத்தை முடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக எல்லோரும் மாப்பிள்ளைக்கு வேலை இல்லையென்றால் இல்லை என்றே போடச் சொல்கிறார்கள். தலைமையாசிரியரின் மனைவி தட்டை நீட்டினாள். ரங்கநாயகி உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"டெய்லரம்மாவுக்குப் பத்திரிகை வெச்சாச்சா?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குங்களா?" தலைமையாசிரியர் மனைவியைப் பார்த்தார், மனைவி தட்டைப் பார்த்தாள். "அது... ரவிக்கை வாங்கப் போறப்ப சொல்லிக்கலாம்னு..."

"மொதல்ல அங்க போங்க. ஊட்டுக்குள்ள போய் உக்காந்து, இதே தட்ட நீட்டி, முன்வாசல்ல வரச் சொல்லி, பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லிப்போட்டு வாங்க. பொறவு நான் எடுத்துக்கறேன்." ரங்கநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "பாயசத்துக்கும் சொல்லி வெச்சிருங்க. எங்கூட்ல ஒரு எழுத்தாளர் இருக்கறா, பாத்து நடந்துக்குங்க."

அந்த ஊரில் நல்லபடியாகப் பேசப்பட்ட பேச்சுகளில் அது ஒன்றைத்தான் கோகிலவாணி எழுதிக் கொடுக்கவில்லை.